கத்தரித் தோட்டத்துக்குக் கொண்டுபோன கத்தரிக்காய்

இருபத்திரண்டு வருஷம் பூச்சிமருந்து விற்றவனை இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வேலைக்கு வைத்தது யார் யோசனை என்று இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். போன மாதம் எங்கள் சமுதாயக் கல்லூரியின் புது ஆசிரியரும் போனில் அதையே கேட்டார். இந்த வருஷத்திலிருந்து அங்கே பாதிப் பாடம் கைபேசியிலேயே நடக்கப்போகிறதாம். பூச்சியைப் படம் பிடித்து அனுப்பினால் அதன் பெயர், அதற்கு என்ன செய்யலாம், எவ்வளவு ஊற்றலாம் எல்லாம் திரையில் வந்துவிடுமாம். "சார், நீங்க கத்துக்கிட்ட காலத்துல எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. புது பேட்ச்சுக்குப் படிச்சிக் காட்டுறேன்" என்றார். இரண்டு பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை. இதில் படித்துக் காட்டக் கூடாதது எது என்று அவரே பார்த்து வெட்டிக்கொள்ளட்டும்.

என் பெயர் கலியபெருமாள். சொந்த ஊர் காடாம்புலியூர். முந்திரிக்காட்டு வட்டாரத்தில் ஆரம்பித்து, பிறகு ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று மோட்டார் சைக்கிளில் சுற்றிய பூச்சிமருந்து கம்பெனி ஆள் நான். கோயில் வாசலிலோ பால் சொசைட்டி திண்டிலோ ஆட்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு கம்பெனி தொப்பி கொடுத்து, ஒரு மணி நேரம் பேசுவேன். பேச்சு எனக்கு நன்றாக வரும். ஒரு கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, நிலமே இல்லாத ஒருவர் மருந்து வாங்கிக்கொண்டு போனார். ஊர்களில் யாருக்கும் என் பெயர் தெரியாது. மருந்துக்காரர் என்றால் தெரியும்.

ஐம்பதை நெருங்கும்போது எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. புதிதாக வந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிளில் சுற்றும் ஆட்கள் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். இனிமேல் இவர்களுக்கு நேரம் பார்ப்பதுதான் வேலை என்று நினைத்திருக்கலாம்.

நாலு மாதம் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த பிறகு, என் மனைவி அஞ்சலை ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி. தையல், கம்ப்யூட்டர், நர்சிங் உதவியாளர் பயிற்சிகளோடு இயற்கை விவசாயத்துக்கும் ஒரு வருஷ டிப்ளமோ உண்டு. அதற்குப் பண்ணை மேற்பார்வையாளர் தேவை.

"இது மருந்தே அடிக்காத விவசாயம்டீ" என்றேன்.

"அதனால என்னா? பூச்சி சம்பந்தப்பட்டதுதானே, போங்க" என்றாள்.

நேர்முகத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் நூர்ஜஹான் மேடம். பரங்கிப்பேட்டைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். மூக்குக் கண்ணாடி பாதி நேரம் தலையில் ஏறியிருக்கும். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "நீங்க வித்த மருந்தெல்லாம் எந்தெந்தப் பூச்சியக் கொல்லும்?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் கொல்லும் மேடம்." பழக்க தோஷம்.

"எல்லாப் பூச்சியும் உங்களுக்குத் தெரியுமா?"

"அத்தன தெரியாது."

"கொன்னிருக்கீங்க, ஆனா தெரியாது" என்றார். சொன்ன விதத்தில் கோபம் இல்லை; குறித்துக்கொள்கிற மாதிரி சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். வேலை உண்டு. ஆனால் முதல் வருஷம் நானும் மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அதே டிப்ளமோவை முடிக்க வேண்டும். தேர்வும் உண்டு. தோற்றால் திரும்ப எழுத வேண்டும். சரி என்று தலையாட்டினேன். வீட்டில் போய், "பரீட்சை எல்லாம் சும்மா பேருக்கு" என்று சொல்லி வைத்தேன்.

முதல் நாள் வகுப்பில் பத்தொன்பது பேர். இருபதாவது ஆளாக நான் போய் நின்றதும் எல்லோரும் ஆசிரியர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். நான் கடைசி பெஞ்சை நோக்கி நடந்தேன். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்க மருந்துக்காரருதானே?"

"இருந்தேன்."

அவ்வளவுதான் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அவர்தான் சிவகாமி. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர். மண்ணைக் கையில் எடுத்தால் பதம் சொல்லிவிடுவார், எழுதத்தான் வராது. இரண்டாவது நாள் தன் நோட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "ஒங்க கையெழுத்து நல்லாருக்குண்ணே, இதுலயும் எழுதிடுங்க" என்றார். அன்று முதல் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு முறை எழுதினேன். அந்த வருஷம் நான் ஏதாவது கற்றேன் என்றால் பாதி காரணம் அதுதான்.

பயிற்சி மாதங்களை நீட்டிச் சொல்லவில்லை. மண்புழு உரம், ஜீவாமிர்தம், மூடாக்கு என்று ஓடியது. மீன் அமிலத்தை மட்டும் விட முடியாது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை சேர்த்து, டப்பாவில் மூடி, மூன்று வாரம் வைத்தால் பயிருக்கு நல்ல ஊட்டம். கழிவு வாங்க என்னைக் கடலூர் முதுநகர் மீன் அங்காடிக்கு அனுப்பினார்கள். இரண்டு வாளி நிறைய வாங்கி, மூடி போட்டு, சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் என்னைச் சுற்றி நாலு சீட் காலி. புதுச்சத்திரத்தில் கண்டக்டர் விசில் அடித்து, "பெரியவரே, வாளி எறங்கட்டும். நீங்க வேணா வரலாம்" என்றார். வாளியை விட்டு நான் எப்படி வருவது? நானும் இறங்கினேன். ஒரு மணி நேரம் கையைக் காட்டினேன். கடைசியில் நின்றது ஒரு மீன் வண்டி. டிரைவர் மோந்துகூடப் பார்க்கவில்லை.

கல்லூரியில் அந்த டப்பாவை மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். மாடியில்தான் தையல் வகுப்பு என்பது நினைவில்லை. மூடியை அவ்வப்போது தளர்த்திக் காற்றை விட வேண்டும் என்று மேடம் சொன்னபோது நான் சிவகாமி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. பத்தாவது நாள் மத்தியானம் மூடி பறந்து படியில் மோதியது. தையல் மாணவிகள் முப்பது பேரும் ஊசியும் நூலுமாக வெளியே வந்து, திரும்ப உள்ளே போக மாட்டோம் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மேடம் வந்தார். படியில் வழிந்ததை ஒரு விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "இன்னும் ஒரு வாரம் வேணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சரி" என்றார்.

இந்த 'சரி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடம் யாரையும் திட்டியதில்லை. அவரிடம் மூன்று வகை 'சரி' இருந்தது. முதல் வகை சாதாரணமானது. இரண்டாவது வகை, சரியில்லை என்று பொருள். மூன்றாவது வகையைச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தலையிலிருந்து கீழே இறக்குவார். அதைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மாட்டார்கள்.

வயலுக்குப் போனால் அவருக்கு ஒரு முறை உண்டு. போனதும் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்க வேண்டும். பேசக் கூடாது, தொடக் கூடாது. "வந்தவுடனே ஏதாச்சும் செய்யணும்னு கை துறுதுறுங்கும். அத மொதல்ல அடக்குங்க" என்பார். பிறகு வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துச் செடி. ஒவ்வொரு செடியிலும் தீமை செய்யும் பூச்சி எத்தனை, அதைத் தின்னும் பூச்சி எத்தனை என்று தனித்தனியாக எண்ண வேண்டும். பென்சிலில்தான் எழுத வேண்டும். மழைத்துளி பட்டால் பேனா எழுத்து கரைந்துவிடும். நான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வயலிலும் பத்து நிமிஷம் சும்மா நின்றதில்லை. முதல் முறை நின்றபோது மூன்றாவது நிமிஷத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. எட்டாவது நிமிஷத்தில் ஒரு பொறிவண்டு, இலைச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைப் பிடித்துத் தின்பதைப் பார்த்தேன். அசுவினியைக் கொல்ல நான் விற்ற மருந்து இந்த வண்டையும் சேர்த்துத்தான் கொன்றிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிற்பாதியில் ஒவ்வொரு மாணவரும் சொந்த நிலத்தில் ஒரு பயிர் வைத்துக் காட்ட வேண்டும். அதை மேற்பார்க்கும் வேலை என்னுடையது. சிவகாமி அரை ஏக்கரில் கத்தரி வைத்தார். அந்த நிலம் கூட்டுச் சொத்து. கணவரின் அண்ணன் பழமலைதான் குடும்பத்தில் எல்லாம் பார்ப்பவர். "ஒரு போகம் ஒன் இஷ்டத்துக்குப் பண்ணு. உருப்படலன்னா அப்புறம் காலேஜு கீலேஜுன்னு பேசாத. நெலத்த நான் பாத்துக்குறேன்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். சிவகாமிக்கு அந்த அரை ஏக்கரை விட்டால் வேறு நிலம் இல்லை.

கத்தரிக்கு எதிரி தண்டையும் காயையும் துளைக்கும் புழு. குருத்து வாடித் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். அதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல். ஐந்து கிலோ கொட்டையை இடித்து, துணியில் கட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பால் மாதிரி வெள்ளையாக வரும்வரை பிழிந்து, சோப்புக் கரைசல் கலந்து, நூறு லிட்டர் ஆக்கி, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இதையும் நான் இரண்டு நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஆனி மாதத்தில் மரத்தடியில் கொட்டை பொறுக்கப் போகச் சொன்னபோது, முதுகு வலி என்று நான் போகவில்லை. ஸ்டோரில் முந்தின வருஷத்து மூட்டை ஒன்று இருந்தது. அதைத்தான் இடித்தேன். பிழிந்தபோது பால் வரவில்லை. ஆறிப்போன டீ மாதிரி வந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தே சிவகாமியிடம் கொடுத்தேன். "நெறம் ஒரு மாதிரி இருக்கேண்ணே" என்றார். "இது ஸ்ட்ராங்கு" என்றேன்.

இரண்டு வாரத்தில் தோட்டம் தலை தொங்கியது. பழமலை வரப்பில் வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போனாராம். அவர் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் சிவகாமிக்குப் பயமாக இருந்தது. என்னிடம் போனில் அழவில்லை. "என்னாண்ணே பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு என்ன பண்ணலாம் என்று நன்றாகத் தெரியும். வீட்டுப் பரணில் பழைய கம்பெனிச் சரக்கு ஒரு பாட்டில் இருந்தது. பச்சை லேபிள். ஒரே தெளிப்பு, மறுநாள் புழு இருக்காது. 'புது மூலிகைக் கரைசல்' என்று சொல்லி நானே அடித்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும்? பாட்டிலை நாலு பேப்பரில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, காலை பஸ்ஸில் ஏறினேன்.

சேத்தியாத்தோப்பில் நூர்ஜஹான் மேடம் ஏறினார். இன்னொரு மாணவர் வயலைப் பார்த்துவிட்டு வருகிறார். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தார்.

"எங்க சார்?"

"சிவகாமி தோட்டத்துக்கு மேடம்."

"நானும் அங்கதான் போறேன். பையில என்ன?"

உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்கிறது. சோறு என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது: "கத்தரிக்கா மேடம்."

மேடம் கொஞ்ச நேரம் பையைப் பார்த்தார். "கத்தரித் தோட்டத்துக்குக் கத்தரிக்கா கொண்டுபோறீங்க."

"ஆமா மேடம்."

"சரி" என்று சொல்லிக் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

அந்த மருந்தின் நெடி எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் அதோடு குடித்தனம் செய்தவன். ஆனால் பின் சீட்டிலிருந்த அம்மா ஒருவர் என் தோளைத் தட்டி, "ஏங்க, இது எந்த ஊரு கத்தரிக்கா? இம்மாம் மருந்து நாத்தம் அடிக்குது. வூட்டுக்குப் போயி நல்லா கழுவுங்க" என்றார். மேடம் திரும்பவில்லை. ஸ்ரீமுஷ்ணம் வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்தில் வழக்கம்போல் பத்து நிமிஷம் நின்றோம். மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு பத்துச் செடி எண்ணினோம். ஏழில் குருத்து வாடியிருந்தது. சிவகாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"சிவகாமி, சார் உங்களுக்குக் கத்தரிக்கா கொண்டாந்திருக்காரு. வாங்கிக்குங்க" என்றார் மேடம்.

சிவகாமி ஒன்றும் புரியாமல் கையை நீட்டினார். நீட்டிய கையில் எதை வைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கொட்டை, முதுகு வலி, டீ நிறம், பரண், பாட்டில். பேப்பரைப் பிரித்துக் காட்டியபோது சிவகாமி அந்தப் பச்சை லேபிளை அடையாளம் கண்டுகொண்டார்.

"இதுவா? இத அடிச்சிதான் எங்க வூட்டுக்காரரு மூணு நாளு ஆஸ்பத்திரில கெடந்தாரு."

"எப்ப?" என்றேன்.

"ஆறு வருசம் இருக்கும். எங்க ஊரு கோயில் வாசல்ல நீங்க கூட்டம் போட்டு வித்தீங்களே, அப்ப வாங்குனதுதான்."

"எட்டு மாசமா பக்கத்துல உக்காந்திருக்க. ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க காலேஜ வுட்டே ஓடிருப்பீங்க. அப்புறம் எனக்கு யாரு நோட்டு எழுதுறது?" என்றார் சிவகாமி. பிறகு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "அது ஒங்க தப்பு இல்லண்ணே. அவரு அன்னிக்குக் குடிச்சிட்டு மருந்து கலந்தாரு. அளவு தெரியாம ஜாஸ்தி ஊத்திட்டாரு. ஊருக்கே தெரியும். அந்த வெக்கத்துலதான் வய பக்கமே வராம, அண்ணாமலை நகர்ல ஒரு லாட்ஜுல வாட்ச்மேனா இருக்காரு" என்றார்.

பழைய கொட்டையை ஒப்புக்கொண்டேன். பாட்டிலை ஒப்புக்கொண்டேன். இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த மருந்து லேபிளில், தெளிக்கிற டேங்குக்கு ஒரு மூடி என்று அச்சடித்திருக்கும். கூட்டங்களில் நான், "ஒரு மூடி எல்லாம் சர்பத்துக்குப் பிழியுற எலுமிச்சம்பழத்துக்குத்தான் சரி. மூணு மூடி ஊத்துங்க, அப்பதான் கேக்கும்" என்பேன். ஜனங்கள் சிரிப்பார்கள். சரக்கும் சீக்கிரம் தீரும்.

மேடம் பாட்டிலை என்ன செய்வது என்பதை அப்புறம் பேசலாம் என்றார். உடனே உம்மாவுக்குப் போன் போட்டார். அவருடைய தாயார் பரங்கிப்பேட்டை வீட்டில் அந்த வருஷத்து வேப்பங்கொட்டையைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டி வைத்திருந்தார். மறுநாள் அது வந்தது. பிழிந்தபோது பாலாக வந்தது; எனக்கு வெட்கமாக இருந்தது. வாடிய குருத்தை எல்லாம் புழுவோடு கிள்ளி, ஓட்டைக் காயைப் பறித்து, பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும். தினமும். "அந்த வேல சாருக்கு" என்றார் மேடம்.

இருபத்தைந்து நாள் காலை முதல் பஸ்ஸில் போய்க் குருத்துக் கிள்ளினேன். முதுகு வலி உண்மையிலேயே வந்தது. பழமலை வரப்பில் வந்து நிற்பார். "என்னா சார், புழுவுக்கு முடி வெட்டியாவுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். தோட்டத்தில் ஆறு இடத்தில் இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்தோம். ஒரு சின்ன குப்பியில், முட்டையிட்டு இந்தப் புழுவைப் பெறும் பெண் அந்துப்பூச்சியின் வாசனை இருக்கும். அதை நம்பி வரும் ஆண் பூச்சிகள் டப்பாவில் விழுந்துவிடும். இதைப் பழமலைக்கு நான் விளக்கியபோது அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தார்.

முதல் பறிப்பில் பாதிக் காய் போய்விட்டது. அதை மறைக்க முடியாது. மூன்றாவது பறிப்பில் கூடையில் ஓட்டைக் காய் தேட வேண்டியிருந்தது. அதற்குள் பழமலையின் ஒன்றரை ஏக்கர் கத்தரியில், வாரம் ஒரு தெளிப்பு அடித்தும், குருத்து தொங்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலை வரப்பில் வந்து நின்றார். முடி வெட்டுவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொம்பள வாசன டப்பா எங்க கெடைக்குது?" என்றார். சிவகாமி குனிந்த தலை நிமிராமல் காய் பறித்துக்கொண்டே இருந்தார். முதுகு மட்டும் சிரிப்பில் குலுங்கியது. நிலத்தைப் பற்றி அதன் பிறகு பேச்சே எழவில்லை.

பாட்டிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது, மருந்து விற்கிற கடையிலேயே ஒப்படைக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். நான் பல வருஷம் சரக்குப் போட்ட சிதம்பரத்துக் கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கிட்ட வித்ததும் நீங்க, திருப்பித் தரதும் நீங்களா? இப்ப யாரு சார் கம்பெனி ஆளு, நானா நீங்களா?" என்றார்.

வருஷக் கடைசியில் தேர்வு; பெரும்பாலும் செய்முறையும் வாய்மொழியும்தான். சிவகாமி முதல் வகுப்பு. நான் வேப்பங்கொட்டைச் செய்முறையில் தோற்றேன். தோற்கடித்தது மேடம்தான், பழைய மூட்டையை அவர் மறக்கவில்லை. வீட்டில் அஞ்சலையிடம் சொன்னபோது, "சும்மா பேருக்குன்னீங்க?" என்றாள். ஒரு மாதம் கழித்து மறுதேர்வு. செய்து காட்டினேன், பால் வந்தது. மேடம் வாய்மொழிக் கேள்விக்கு வந்தார்.

"இதுக்கு அளவு?"

சொன்னேன்.

"நீங்க வித்த மருந்துக்கு அளவு?"

மூன்று மூடி விஷயம் அவருக்குத் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார். சொல்லிவிட்டேன். "லேபிள்ல ஒரு மூடி. நான் சொன்னது மூணு மூடி. சிவகாமி வீட்டுக்காரர் குடிச்சிட்டு ஊத்தல மேடம். நான் சொன்னபடி ஊத்தியிருக்காரு."

மேடம் மார்க் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்கு மார்க் போட மட்டும்தான் தெரியும்" என்றார். மார்க் போட்டார். தேறிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாமலை நகருக்குப் போனேன். மாணவர்கள் தங்கும் லாட்ஜ். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நீல யூனிபாரம் போட்டுக்கொண்டு சிவகாமியின் கணவர் வைத்தியலிங்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சலாம் வைத்தார். சலாமைத் தாங்க முடியவில்லை. யார் என்று சொன்னேன்.

"தெரியும் சார். சிவகாமி சொல்லும். ஒங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. எனக்கே ஞாபகம் இல்ல. அன்னிக்கு மத்தியானம் கொஞ்சம் குடிச்சது நெஜம். எத்தினி மூடி ஊத்துனேனோ, எல்லாரும் ஜாஸ்தி ஊத்திட்டேன்னாங்க, சரின்னு நானும் ஒத்துக்கிட்டேன்."

"எத்தன மூடின்னு ஞாபகம் இல்லியா?"

"மூணு ஊத்துன மாதிரிதான் இருக்கு."

அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் என் மேல் வருத்தமில்லை என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷத்துப் பழியை அவரே சுமந்து பழகிவிட்டார்.

"தம்பி, மூணு மூடி ஊத்தச் சொன்னதே நான்தான்" என்றேன். "கோயில் வாசல்ல, மைக்கு வச்சி. லேபிள்ல ஒண்ணுன்னுதான் போட்டிருக்கும். சரக்கு ஓடணும்னு சொன்னேன். நீங்க கேட்டபடி செஞ்சீங்க. என்னை மன்னிக்கணும்."

வைத்தியலிங்கம் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஏ சிவகாமி! நான் அப்பவே சொன்னேனா இல்லியா, எனக்கு நெதானம் இருந்துச்சின்னு? இந்தா, மருந்துக்கார சாரு பக்கத்துல நிக்கிறாரு. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன். சொல்லுங்க சார். அந்த மூணு மூடி சமாச்சாரத்த மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். மறுமுனையில் சிவகாமியின் குரல், வகுப்பில் நான் ஒரு நாளும் கேட்டிராத குரல்: "அந்த மனுசன எத்தினி பேச்சுப் பேசிட்டேண்ணே..." மேலே பேச முடியாமல் வைத்துவிட்டார்.

வைத்தியலிங்கத்தின் கண் கலங்கியிருந்தது. ஆனால் கை அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தது. பழமலைக்குப் போட்டார். சொன்னேன். பெரிய தங்கச்சிக்குப் போட்டார். சொன்னேன். கடலூரில் இருந்த மச்சானுக்கு, ஊர் டீக்கடைக்காரருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன டிராக்டர்காரருக்கு. ஐந்தாவது ஆளுக்குச் சொல்லும்போது நான் ஓரிடத்தில் சுருக்கப் பார்த்தேன். "மைக்க வுட்டுட்டீங்க சார். மைக்கு வச்சி சொன்னீங்கன்னு சொல்லுங்க" என்று திருத்தினார். லாட்ஜ் பையன்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். அவரையும் சேர்த்து ஏழு பேரிடம் ஏழு முறை மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் என் தொண்டை கட்டிவிட்டது. அவரே உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குடித்துவிட்டு, "நான் கெளம்புறேன் தம்பி" என்றேன்.

"இன்னும் ஒருத்தரு இருக்காரு சார்" என்றார் வைத்தியலிங்கம், தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டே. "எங்க மாமனாரு. அவருதான் ரொம்பப் பேசுனாரு. அவருக்குக் காது கேக்காது, போன்ல ஆவாது. அடுத்த ஞாயித்துக்கெழம நேர்ல போயிட்டு வந்துடலாம்."

போனோம். அவர் காதில் விழுகிற மாதிரி சொல்வதற்குள் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.